எல்லோரும் ஒரே பக்கம் நின்ற விவாதம்

2025 மார்ச்சில் தமிழ்நாட்டில் அரசியல் பேசிய எவரும் ஒரு கேள்வியைக் கேட்காமல் பேச்சை முடித்ததாக எனக்கு நினைவில்லை: மக்கள்தொகையைக் கட்டுப்படுத்தியதற்கு நமக்குத் தண்டனையா? மக்கள்தொகைப்படி மக்களவைத் தொகுதிகளை மறுவரையறை செய்தால் நம் இடங்கள் குறைந்துவிடும் என்ற அச்சம்தான் அதன் பின்னணி. மார்ச் 5 அன்று அனைத்துக் கட்சிக் கூட்டம், 22 அன்று பிற மாநிலத் தலைவர்களும் சென்னைக்கு வந்து கலந்துகொண்ட கூட்டு நடவடிக்கைக் குழுக் கூட்டம், இடைப்பட்ட நாள்களில் ஒவ்வொரு தொலைக்காட்சியிலும் அதே கேள்வி. நான் அப்போது அரசியல் அறிவியல் முதுகலையின் இறுதிப் பருவத்தில் இருந்தேன். வாரம் ஒரு பிற்பகல் சமகால அரசியலுக்கான செமினார் நடக்கும். எங்கள் வகுப்பும் அந்தக் கேள்வியைக் கேட்டது, நானும் கேட்டேன். அதில் நியாயம் இருக்கிறது என்றே இன்றும் நினைக்கிறேன். ஆனால் அதை ஒரு வாதமாக எழுப்பி நிறுத்த முயன்றபோது நடந்தவை இன்னும் மனத்தை அரித்துக்கொண்டிருக்கின்றன.

எங்கள் வகுப்பில் எதிர்த்தரப்பு என்று ஒன்று இல்லாததுதான் முதல் சிக்கல். நீட், மும்மொழிக் கொள்கை, ஒரே நாடு ஒரே தேர்தல் என்று எந்தத் தலைப்பை எடுத்தாலும் பத்து நிமிடத்தில் எல்லோரும் ஒரே முடிவுக்கு வந்துவிடுவோம். மீதி நேரத்தில் அந்த முடிவை யார் அதிகக் கோபத்தோடு சொல்கிறார்கள் என்ற போட்டி மட்டுமே நடக்கும். பருவத்தின் தொடக்கத்தில் பேராசிரியர் சீட்டுக் குலுக்கிப் பக்கம் பிரித்துப் பார்த்தார். பட்டிமன்றம் கேட்டு வளர்ந்த எங்களுக்கு அது மிக எளிது. எதிரணி கிடைத்தவர் கேலியாக நான்கு வார்த்தை பேசுவார், வகுப்பு சிரிக்கும், நடுவர் தீர்ப்பு என்று யாராவது கத்துவார்கள். இரண்டு வாரத்தில் பேராசிரியர் அதை நிறுத்திவிட்டார். நம்பாததை நம்புவதாகப் பேசுவது வாடகைக்குப் பேசுவது, அதில் கற்றுக்கொள்ள ஒன்றுமில்லை என்றார். பள்ளி, கல்லூரிப் பேச்சுப் போட்டிகளை எல்லாம் ஒரே வீச்சில் ஒதுக்கிய அந்தக் கருத்தோடு எனக்கு முழு உடன்பாடு இல்லை. எந்தப் பக்கம் கொடுத்தாலும் பேசிய பழக்கம்தான் என்னைப் போன்ற கூச்ச சுபாவிகளை மேடையேற்றியது. இருந்தாலும் அந்த வகுப்பைப் பொறுத்தவரை அவர் சொன்னது சரி.

அதற்குப் பதில் அவர் ஒரே ஒரு விதி வைத்தார். எதைப் பேசினாலும், அதை மறுக்கக்கூடிய ஒருவரின் வாதத்தை முதலில் சொல்ல வேண்டும். அப்படிப்பட்டவர் வகுப்பில் இருந்தால், ஆம், நான் சொல்வது இதுதான் என்று அவர் தலையசைக்கும்வரை சொல்ல வேண்டும். அதற்குப் பிறகுதான் தன் வாதம். சைவ சித்தாந்த நூல்களில் பரபக்கம் என்று ஒரு பகுதியே உண்டு, பிற சமயத்தாரின் கொள்கையை ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்லி மறுத்த பிறகுதான் தம் கொள்கையைச் சொல்லும் சுபக்கம் தொடங்கும், இது நமக்குப் புதிதல்ல என்று ஒருமுறை சொன்னார். மற்றபடி விளக்கம் ஏதும் தரவில்லை. தலையசைக்க ஆள் இல்லாத வகுப்பில் இந்த விதியால் என்ன பயன் என்று நாங்கள் எங்களுக்குள் பேசிக்கொண்டோம்.

குறையாத எண்ணிக்கை

தொகுதி மறுவரையறையை எடுத்த முதல் வாரத்தில் கோபம் தீர்ந்த பிறகு பேராசிரியர் எங்களைக் கணக்குப் போடச் சொன்னார். பிப்ரவரி இறுதியில் கோவைக்கு வந்த ஒன்றிய உள்துறை அமைச்சர், விகிதாசார அடிப்படையில் தென் மாநிலங்கள் ஒரு தொகுதியைக்கூட இழக்காது என்று உறுதி கூறியிருந்தார். அது பொய் என்று வகுப்பு ஒரே குரலில் சொன்னது. பொய் என்று எப்படித் தெரியும், எந்தக் கணக்கில் பொய் என்று கேட்டார் பேராசிரியர். பதில் இல்லை. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அட்டவணையைத் திரையில் போட்டார். நாங்கள் கைபேசியைத் திறந்து வகுக்கத் தொடங்கினோம்.

2011 கணக்கெடுப்பின்படி இந்தியாவின் மக்கள்தொகை 121 கோடி, தமிழ்நாட்டின் மக்கள்தொகை 7.21 கோடி. மக்களவையின் 543 இடங்களையும் அந்தத் தொகையின்படி பிரித்தால் தமிழ்நாட்டுக்கு இப்போதுள்ள 39 இல்லை, சுமார் 32 வரும். கேரளத்துக்கு 20 என்பது 15 ஆகும். ஆனால் அவையை 800 இடங்களுக்குப் பெருக்கிவிட்டுப் பிரித்தால் தமிழ்நாட்டுக்குச் சுமார் 48 கிடைக்கும். அதாவது ஒரு தொகுதிகூட இழக்கவில்லை, ஒன்பது கூடுகிறது. அதே நேரத்தில் அவையில் நம் பங்கு 7.2 சதவீதத்திலிருந்து 6 சதவீதத்துக்கு இறங்குகிறது. பங்கு குறையாமல் இருக்க வேண்டுமானால் 800இல் நமக்குச் சுமார் 57 வேண்டும். ஆகவே அமைச்சரின் சொல்லை ஒரு பொருளில் எடுத்தால் அது உண்மையாகவே இருந்துகொண்டு நம்மைப் பாதிக்கலாம், இன்னொரு பொருளில் எடுத்தால் நாம் கேட்டதையே அவர் தந்துவிட்டதாக ஆகிவிடும். எந்தப் பொருளில் சொன்னார் என்று கேட்பதுதான் வலுவான எதிர்ப்பு. பொய் என்று கத்துவது அவருக்கு நாமே வழிவிட்டுக் கொடுப்பது. புதிய நாடாளுமன்றக் கட்டடத்தில் மக்களவைக்கு 888 இருக்கைகள் போட்டிருப்பதை நினைத்தால் இது வெறும் இலக்கணச் சந்தேகமும் அல்ல.

அன்று வகுப்பு முடிந்து வெளியே வந்தபோது எங்களுக்குச் சற்றுப் பெருமையாகவே இருந்தது. நம் தரப்பு முன்பைவிடக் கூர்மையாகிவிட்டது என்று நினைத்தோம்.

தலையசைக்க ஒருவர்

அடுத்த வாரம் பேராசிரியர் வரலாற்றுத் துறையிலிருந்து ஆய்வு மாணவர் ஒருவரை அழைத்துவந்து உட்கார வைத்தார். அவர் பீகாரைச் சேர்ந்தவர். சில ஆண்டுகளாக இங்கேயே இருப்பதால் தமிழ் நன்றாகப் புரியும். பேசும்போது பாதி ஆங்கிலம் கலக்கும். அன்று பேச வேண்டிய முறை என்னுடையது. விதிப்படி அவர் தரப்பை நான் சொல்லத் தொடங்கினேன்: வட மாநிலங்கள் மக்கள்தொகையைக் கட்டுப்படுத்தத் தவறிவிட்டன, இப்போது அந்த மக்கள்தொகைக்கு ஏற்ற இடங்களைக் கேட்கின்றன. அவர் தலையசைக்கவில்லை. இது உங்கள் வாதம், என் வாயில் வைக்கிறீர்கள் என்றார். மறுபடி முயன்றேன். ஒவ்வொரு குடிமகனின் வாக்குக்கும் ஒரே மதிப்பு இருக்க வேண்டும் என்று அவர்கள் கருதுகிறார்கள் என்றேன். பாதி என்றார். மீதியை அவரே சொல்லட்டும் என்று பேராசிரியர் அனுமதி கொடுத்தார்.

அவர் சொன்னதை என் நோட்டில் எழுதிவைத்திருக்கிறேன். 1971இல் தமிழ்நாட்டு எம்.பி. ஒருவர் சுமார் 10.5 லட்சம் பேருக்குப் பிரதிநிதி, பீகார் எம்.பி.யும் ஏறத்தாழ அதே அளவு மக்களுக்குப் பிரதிநிதி. 2011 கணக்கில் தமிழ்நாட்டில் அது 18.5 லட்சம், பீகாரில் 26 லட்சம். தன் வீட்டுக் கதையையும் சொன்னார்: என் அம்மாவுக்குப் பதினாறு வயதில் கல்யாணம் செய்துவைத்தார்கள், ஊரில் உயர்நிலைப் பள்ளி இல்லை, ஆரம்பச் சுகாதார நிலையம் பெயருக்குத்தான் இருந்தது. அவருக்கு ஐந்து பிள்ளைகள் பிறந்தது அவர் செய்த குற்றமா, அரசு செய்யாத வேலையா? அரசு செய்யாத வேலைக்காக அவர் வாக்கின் எடையைக் குறைப்பீர்கள் என்றால் தண்டனை யாருக்கு? பிறகு சரக்குக் கட்டணச் சமன்படுத்தல் கொள்கைக்கு வந்தார். 1950களில் தொடங்கி 1990களின் தொடக்கம்வரை இரும்பு, எஃகு போன்றவை நாட்டின் எந்த மூலைக்குப் போனாலும் ஒரே விலையில் கிடைக்கும்படி ஒன்றிய அரசு ஏற்பாடு செய்திருந்தது. சுரங்கத்துக்குப் பக்கத்தில் தொழிற்சாலை கட்டுவதால் கிடைத்திருக்க வேண்டிய லாபம் அன்றைய ஒன்றுபட்ட பீகாருக்குக் கிடைக்காமல் போனது. மேற்கிலும் தெற்கிலும் தொழில் வளர்ந்தது. அந்தத் தொழில் வளர்ச்சியும் அதன் வருமானமும் உங்கள் பள்ளிகளில் இருக்கின்றன, உங்கள் பெண்களின் படிப்பில் இருக்கின்றன, உங்கள் குறைந்த பிறப்பு விகிதத்திலும் இருக்கின்றன என்றார். குரலை உயர்த்தவே இல்லை.

இதற்கு மறுமொழி இல்லாமல் இல்லை. சத்துணவு, பெண் கல்வி, ஊர்தோறும் செவிலியர்கள் எல்லாம் சரக்குக் கட்டணத்தால் வந்தவை அல்ல. அவற்றுக்குப் பின்னால் ஒரு அரசியல் இருந்தது. தொழில் பெரிதாக வளராத கேரளத்தில் பிறப்பு விகிதம் நமக்கு முன்பே இறங்கியது என்பதும் அவர் கணக்குக்குள் அடங்காது. இவற்றை நான் சொன்னேன். கேரளம் பற்றியதை அவர் ஒப்புக்கொள்ளவும் செய்தார். ஆனால் என் மறுமொழிகள் எல்லாமே அரசுகளைப் பற்றியவை. அவர் கேட்டது ஒரு பெண்மணியின் வாக்கைப் பற்றி. நல்ல அரசுக்குப் பரிசு, மோசமான அரசுக்குத் தண்டனை என்று பேசத் தொடங்கினால், அந்தப் பரிசும் தண்டனையும் அரசுகளுக்குப் போய்ச் சேராமல் மக்களுக்குப் போய்ச் சேர்கின்றன என்பதை அவரிடமிருந்து கேட்கும்வரை நான் யோசித்ததில்லை.

அதே சட்டத்தின் இன்னொரு பக்கம்

வகுப்பின் போக்கை மாற்றியது அவரும் அல்ல, நானும் அல்ல. எப்போதும் கடைசி வரிசையில் உட்கார்ந்து அதிகம் பேசாத தர்மபுரி மாவட்டத்துத் தோழி ஒருத்தி. தொகுதிகளின் எண்ணிக்கையை 1971 கணக்கெடுப்பின்படி உறையவைத்தது அரசியலமைப்பின் 42ஆம் திருத்தம் என்பது எல்லோருக்கும் தெரியும். அந்தத் திருத்தத்தின் முழு உரையையும் அச்சடித்து வரச் சொல்லியிருந்தார் பேராசிரியர். வழக்கம்போல மற்றவர்கள் எல்லாம் தமக்கு வேண்டிய பத்தியை மட்டும் கைபேசியில் படம் எடுத்து வந்திருந்தோம். அவள் ஒருத்திதான் தாள்களைப் பின் போட்டுக் கொண்டுவந்திருந்தாள். விவாதத்தின் நடுவே கையைத் தூக்கி, கல்வியை மாநிலப் பட்டியலிலிருந்து பொதுப் பட்டியலுக்கு மாற்றியதும் இதே திருத்தம்தானே சார் என்றாள்.

வகுப்பு அமைதியானது. தமிழ்நாட்டில் மாநில சுயாட்சி பேசுகிறவர்களுக்கு 42ஆம் திருத்தம் என்றால் பறிபோன கல்வி உரிமைதான். நீட் பற்றிய ஒவ்வொரு பேச்சும் கடைசியில் அங்கே போய்த்தான் நிற்கும். 1976 ஜனவரி 31 அன்று இங்கே தி.மு.க. ஆட்சி கலைக்கப்பட்டது. அதே ஆண்டின் இறுதியில், நெருக்கடி நிலைக்குள், எதிர்க்கட்சித் தலைவர்கள் பலர் சிறையில் இருந்தபோது நிறைவேறிய திருத்தம் இது. அந்த ஆண்டு ஏப்ரலில் வெளியான தேசிய மக்கள்தொகைக் கொள்கை அறிக்கையில்தான் 2001வரை தொகுதிகளை உறையவைக்கும் யோசனை முன்வைக்கப்பட்டது. வட மாநிலங்களில் கட்டாயக் கருத்தடை உச்சத்துக்குப் போனதும் அதே ஆண்டில்தான். ஆக, நாங்கள் மூன்று வாரமாக எது நம் பாதுகாப்பு என்று சொல்லிக்கொண்டிருந்தோமோ அதுவும், எது நம் உரிமையைப் பறித்தது என்று இரண்டு ஆண்டுகளாகச் சொல்லிவந்தோமோ அதுவும் ஒரே சட்டத்தின் வெவ்வேறு பிரிவுகள். வேண்டியதை வைத்துக்கொண்டு வேண்டாததை எதிர்ப்பதில் தவறொன்றும் இல்லை. எந்தச் சட்டத்தையும் அப்படித்தான் அணுக முடியும். ஆனால் நெருக்கடி நிலையில் வந்தது என்பதையே ஒரு பிரிவுக்கு எதிரான வாதமாக வைப்பவர், அதே வாதம் மற்றப் பிரிவின் மேல் விழும்போது ஒதுங்கிக்கொள்ள முடியாது. பீகார் மாணவர் ஏதாவது சொல்வார் என்று பார்த்தேன். அவர் சிரித்துவிட்டு, எங்கள் ஊர் ஆண்கள் 1976 என்றாலே வேறு ஒன்றைத்தான் நினைப்பார்கள் என்று மட்டும் சொன்னார்.

அன்றோடு தண்டனை, பரிசு, சதி என்ற பேச்சு வகுப்பில் தானாகவே குறைந்தது. யாரும் தடை போடவில்லை. அவற்றைச் சொன்னால் அடுத்த கேள்வி எங்கிருந்து வரும் என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது, அவ்வளவுதான். அதற்குப் பிறகு பேசப்பட்ட விஷயங்கள் சலிப்பூட்டுபவை போலத் தோன்றினாலும் அவைதான் உருப்படியானவை. 2001இல் கொண்டுவரப்பட்ட 84ஆம் திருத்தம் உறைநிலையை 2026க்குப் பிறகு நடக்கும் முதல் கணக்கெடுப்புவரை நீட்டித்தது. 2021 கணக்கெடுப்பு உரிய காலத்தில் நடந்திருந்தால் அந்த முதல் கணக்கெடுப்பு 2031இல்தான் வந்திருக்கும். கொரோனாவைச் சொல்லித் தள்ளிவைத்துக்கொண்டே போனதால் தள்ளிப்போன கணக்கெடுப்பே 2026க்குப் பிந்தைய முதல் கணக்கெடுப்பாகிவிடும் என்பதை வகுப்பில் ஒருவர் சுட்டிக்காட்டினார். 2025 ஜூனில் 2027 மார்ச் 1 என்ற தேதி அறிவிக்கப்பட்டபோது எங்கள் வாட்ஸ்அப் குழுவில் முதலில் வந்த செய்தி அவர் பெயர்தான். மறுவரையறை ஆணையத்தின் உத்தரவை நீதிமன்றத்தில் கேள்வி கேட்க அரசியலமைப்பின் 329ஆம் பிரிவு இடம் கொடுப்பதில்லை என்பதும் அப்போதுதான் எங்கள் கவனத்துக்கு வந்தது. எத்தனை தொகுதி என்பதைவிட யார் வரைகிறார்கள் என்பது பெரிய கேள்வியாக இருக்கலாம். தெருவில் அதை யாரும் கேட்கவில்லை.

பெரியப்பாவின் கேள்வி

அந்த ஏப்ரலில் ஊர்த் திருவிழாவுக்குப் போயிருந்தேன். என் பெரியப்பா நாற்பது ஆண்டுகளாகக் கட்சியில் இருப்பவர், கிளைச் செயலாளர். சாப்பாட்டுக்குப் பிறகு திண்ணையில் இந்தப் பேச்சு வந்தது. செமினாரில் நடந்ததை ஆர்வத்தோடு சொன்னேன். பீகார் மாணவரின் அம்மாவைப் பற்றியும் சொன்னேன். முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஏம்மா, உனக்கு யாரு ஃபீஸ் கட்டுறது, பீகார்க்காரனா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். பிறகு அவர் சிரிக்காமல் சொன்னது வேறு. "நீ அவன் பேச்சை அவனைவிட நல்லா பேசுற. அங்க எவனாவது நம்ம பேச்சை இப்படிப் பேசுறானா?"

இதற்குத்தான் இன்றுவரை எனக்கு முழுமையான பதில் கிடைக்கவில்லை. எதிர்த்தரப்பைக் கௌரவமாக எடுத்துச் சொல்லும் பழக்கம் இரு பக்கமும் இருந்தால்தான் விவாதம்; ஒரு பக்கம் மட்டும் இருந்தால் அது எதிராளிக்கு இலவச வழக்கறிஞர் வைத்துக் கொடுப்பது போல ஆகாதா? லக்னோவிலோ பாட்னாவிலோ ஒரு செமினார் அறையில் 1962 தேர்தலில் 41 ஆக இருந்த நம் தொகுதிகள் 1967இல் 39 ஆனதை யாராவது சொல்லியிருப்பார்களா? அந்த இரண்டு இடங்களின் இழப்புக்கு ஏன் ஈடு செய்யக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2021இல் கேட்டது அவர்கள் காதில் விழுந்திருக்குமா? விழுந்திருக்காது என்றே நினைக்கிறேன். ஆனால் பெரியப்பா ஒன்றைக் கவனிக்கவில்லை. பீகார் மாணவரின் வாதத்தைச் சொல்லக் கற்றுக்கொண்டதில் நான் இழந்தது என்னிடமிருந்த மிக பலவீனமான வாதத்தை மட்டுமே. அது போன இடத்தில் வேறொன்றைத் தேட வேண்டியிருந்தது. தேடாமல் இருந்திருந்தால் அது கிடைத்திருக்காது.

பருவ இறுதிக் கட்டுரையில் அதை எழுதினேன். வாக்குக்குச் சம மதிப்பு என்ற கொள்கையை அரசியலமைப்பே எல்லா இடத்திலும் பின்பற்றவில்லை. அறுபது லட்சம் மக்களுக்கு மிகாத மாநிலங்களுக்கு 81ஆம் பிரிவு விலக்கு அளிக்கிறது. சுமார் 64 ஆயிரம் பேர் வாழும் லட்சத்தீவுக்கு ஒரு எம்.பி. உண்டு, 2019இல் 31 லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்காளர்கள் இருந்த மல்காஜ்கிரி (தெலங்கானா) தொகுதிக்கும் ஒரே எம்.பி.தான். லட்சத்தீவு மக்கள் குடும்பக் கட்டுப்பாட்டில் முதல் பரிசு வாங்கியதற்காக இது தரப்படவில்லை. அவர்கள் தனி அலகு என்பதற்காகத் தரப்பட்டது. மாநிலங்களும் அப்படிப்பட்ட அலகுகள்; கூட்டாட்சி என்பது தனிமனிதர்களின் கூட்டு மட்டுமல்ல, அலகுகளின் கூட்டும்கூட. ஐரோப்பிய நாடாளுமன்றத்தில் ஜெர்மனிக்கு 96 இடம், மால்டாவுக்கு 6. மக்கள்தொகைப்படி பார்த்தால் மால்டாவுக்கு ஒன்றுகூடத் தேறுவது கடினம். பெரிய அலகுகளுக்கு அதிக இடம், ஆனால் மக்கள்தொகைக்கு நேர் விகிதத்தில் அல்ல என்ற அந்த ஏற்பாடு நமக்கும் பொருந்தும் என்று வாதிட்டேன். இதில் பீகாரைக் குற்றம் சொல்லும் தேவையே எழவில்லை.

கட்டுரையைத் திருத்திய பேராசிரியர் ஓரத்தில் எழுதியது: அப்படியானால் மாநிலத்துக்குள்? 2021 சட்டமன்றத் தேர்தலில் சோழிங்கநல்லூர் தொகுதியில் 6.9 லட்சம் வாக்காளர்கள், துறைமுகம் தொகுதியில் 1.8 லட்சத்துக்கும் குறைவு. சோழிங்கநல்லூர்க்காரர் தன் வாக்கின் எடை குறைவு என்று கேட்டால் நாம் அலகு என்று பதில் சொல்ல மாட்டோம், எல்லையைத் திருத்தி வரையுங்கள் என்றுதான் சொல்வோம். அதே நியாயத்தை மாநில எல்லையோடு நிறுத்துவதற்கு, மாநிலம் என்பது தொகுதியைப் போல நிர்வாகக் கோடு அல்ல, அதற்கென்று மொழியும் சட்டமன்றமும் வரியும் உண்டு என்பதைத் தவிர எனக்கு வேறு விடை தெரியவில்லை. அது போதுமான விடை என்றே நினைக்கிறேன்.

கட்டுரையைப் பீகார் மாணவரிடமும் கொடுத்திருந்தேன். படித்துவிட்டு இதற்குத் தலையசைக்கிறேன் என்றார். உடனே அடுத்த கேள்வியைப் போட்டார்: அலகுகளுக்கென்றே ஒரு அவை இருக்கிறதே, மாநிலங்களவை. அங்கேயும் இடங்கள் மக்கள்தொகையை ஒட்டித்தான், உத்தரப் பிரதேசத்துக்கு 31, உங்களுக்கு 18. அங்கே எல்லா மாநிலங்களுக்கும் சம இடம் கேளுங்கள், நான் உங்களோடு வருகிறேன். மக்களவையை மட்டும் மக்கள் எண்ணிக்கைக்கு விட்டுவிடுங்கள். பண மசோதாவை மாநிலங்களவையால் பதினான்கு நாள் தாமதப்படுத்தலாமே தவிரத் தடுக்க முடியாது, பணம் முழுவதும் மக்களவையில் இருக்கும்போது சம இடத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்றேன். அப்படியானால் அதையும் சேர்த்துக் கேளுங்கள் என்றார். அவையின் அதிகாரத்தையே மாற்றக் கேட்பதா, இருக்கும் 7.2 சதவீதத்தைக் காப்பாற்றிக்கொள்வதா, இரண்டில் எது முதலில் என்று நாங்கள் இப்போதும் பேசிக்கொண்டிருக்கிறோம். நான் இரண்டாவது என்கிறேன். அது உங்கள் அவசரம், எங்களுடையது அல்ல என்கிறார் அவர்.